வலி நோட்டு

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருந்தேன். குடல் டாக்டர் எண்டோஸ்கோப்பி செய்து, எதுவும் அகப்படாதவர்களை என்னிடம் அனுப்புவார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கதவோடு திரும்பியவர்கள் உண்டு.

சோமனூரிலிருந்து வந்த அந்தப் பெண் திரும்பவில்லை. வீட்டிலேயே நாலு விசைத்தறி. கணவர், மாமியாரோடு சேர்ந்து ஓட்டுகிறாள். இரண்டு வருடமாக வயிற்று வலி, பேதி. எலும்பும் தோலுமாக இருந்தாள். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம்மவர்கள் சொல்வதைத்தான் நான் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். அதையே அவளுக்கு விளக்கி, ஒரு நோட்டைக் கொடுத்து, எப்போது வலிக்கிறது, அப்போது என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். குண்டு குண்டான எழுத்து. "கரண்ட் போச்சு. வலி." பக்கத்துக்குப் பக்கம் அதேதான்.

"கரண்ட் போனா வயிறு ஏன் வலிக்குது கண்ணு?"

"தறி ஓடறப்ப அவிய பேசறது காதுல உழாதுங்க. நின்னா எல்லாம் கேக்குமுங்க."

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. முடிச்சு அவிழ்ந்துவிட்டதாம்! "என்ன பேசறாங்கன்னும் எழுது கண்ணு, ஒளிக்காம" என்றேன். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "செரிங்க" என்றாள். அந்த வீட்டில் நோட்டை எங்கே வைப்பாய் என்று கேட்கத் தோன்றவில்லை. கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அடுத்த முறை கணவர் மட்டும் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பணிவாக உட்கார்ந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, நோட்டை நானும் அம்மாவும் படிச்சுப்போட்டோமுங்க. எங்க ஊட்டுப் பேச்சு ஊட்டோட இருக்கட்டுமுங்க. அவளுக்கும் வலி நின்னுபோச்சு, பாருங்க."

வாங்கிப் புரட்டினேன். நடுவில் நாலைந்து தாள்களைக் காணோம், கிழித்த விளிம்புதான் இருந்தது. அதற்கப்புறம் தேதி தேதியாக ஒரே வரி: "வலி இல்லை." அன்று பதினோராம் தேதி. அவள் முப்பது வரைக்கும் எழுதியிருந்தாள்.

விரலை வைத்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"வேலை மிச்சமுன்னு மொத்தமா எழுதிப்போட்டாளாட்ட இருக்குதுங்க."

அவளைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னேன். "செரிங்க" என்று எழுந்து போனார். அதன்பின் யாரும் வரவில்லை.

விலாசம் என் ஃபைலில் இருந்தது. சோமனூர் ஒரு பஸ் தூரம்தான். நான் போய் நின்றால் அதற்கும் அவள்தான் வாங்கிக்கட்டிக்கொள்வாள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு போகாமல் இருந்தேன். பயந்தேன் என்பதே நிஜம்.

அந்த மாதம் முப்பதாம் தேதி மத்தியானம் சோமனூர் வரைக்கும் எங்கள் பக்கமெல்லாம் கரண்ட் போனது. மின்விசிறி நின்ற அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நோட்டின்படி அன்று வலி இல்லை.