நேர்த்தெருப் பூங்காவும் வலக்கையும்

எரிச்சலில் இருப்பவரின் நினைவை நம்பக்கூடாது. அது நடந்ததைக் கூட்டிச் சொல்லும். எதிராளியின் சொல்லைக் கூர்மையாக்கும். அந்த மாதங்கள் முழுவதும் நான் எரிச்சலில்தான் இருந்தேன். ஆகவே நானே கண்டவற்றையும், கணவரிடம் படித்துக் காட்டியபோது அவர் மறுக்காதவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அவர் மறுத்த சில வாக்கியங்களை நீக்கிவிட்டேன்.

பக்கவாதத்தில் அவருடைய வலக்கை செயலிழந்தது. கோரிமேட்டு மருத்துவமனையில் பயிற்சி தந்த பெண், இப்போதே விரல்களை அசைத்துப் பழக்காவிட்டால் அவை அப்படியே இறுகிவிடக்கூடும் என்றார். பிசைவதற்கு மெத்தென்ற ஒரு ரப்பர்ப் பந்தும் கொடுத்தார். லாஸ்பேட்டைக்கு வீடு திரும்பியதும் கணவர் அதை அலமாரிக்கு மேல் எறிந்தார், இடக்கையால்.

வெளியூரில் இருக்கும் மகள்தான் கணினியில் அந்த விளையாட்டை ஏற்றித் தந்தாள். கேளிக்கைப் பூங்கா ஒன்றை நாமே அமைத்து நடத்தவேண்டும்; குறித்த காலத்துக்குள் போதிய மக்களை மகிழ்விக்காவிட்டால் பூங்காவை மூடிவிடுவார்கள். உருவாக்கியவர்கள் குறும்பர்கள். இராட்டினத்திலிருந்து இறங்குபவர் நடைபாதையிலேயே வாந்தியெடுப்பார். துப்புரவாளர் அதைத் தாண்டிப் போய்ப் புல் வெட்டுவார். கரடி வேடமிட்டவர் ஆளற்ற மூலையில் தனியாக ஆடுவார். தொடக்கத்தில் நானும் சிரித்தேன். நான் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: கணினியின் சுட்டியை, அந்த மவுஸை, வலக்கையால் பிடிக்கவேண்டும்.

கணவர் அரசுப் பணியில் வரைபடங்கள் வரையும் வரைவாளராக இருந்தவர். பாண்டிச்சேரியின் பழைய பகுதியில், நேர்க்கோட்டுத் தெருக்களிலேயே நடந்து வளர்ந்தவர். பூங்காவிலும் அவ்வாறே, நூல் பிடித்தாற்போல், தெருவைத் தெரு குறுக்கே வெட்டும்படி அமைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விளையாட்டின் மனிதர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் தோன்றிய பக்கம் திரும்புபவர்கள். சந்திப்புகள் மிகுந்ததும், வாயிலும் கழிப்பறையும் எங்கே என்று தெரியாமல் சுற்றினார்கள். யார் தலைமேல் சொடுக்கினாலும் ஒரே எண்ணம்: வழி தெரியவில்லை.

“பாதித் தெருவ எடுத்துடுங்க. பொண்ணும் அதத்தான் சொல்றா.”

“பாண்டிச்சேரியில எவனாவது வழி தெரியாம போயிருக்கானா?”

“டூரிஸ்ட்டெல்லாம் முனைக்கு முனை நின்னு நம்மளத்தான கேக்குறான்.”

“கேட்டுட்டுப் போய்ச் சேர்றான் இல்ல? இவனுங்களுக்கு வாய் இல்லியா?”

தெருக்களையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் சமையலறைக்குத் திரும்பியதும் சுட்டி இடப்பக்கம் போய்விடும். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“இன்னா, கை மாறிடுச்சி?”

“ரிப்பேர்காரன அனுப்பணும்மா. இந்தக் கை போய்ச் சேர்றதுக்குள்ள ராட்டினம் துருப்பிடிச்சிடும்.”

காலக்கெடு நெருங்கிய பிறகுதான் தெருக்களை இடிக்க ஒப்புக்கொண்டார். அன்று காலை அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, இடக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலக்கை நடுங்கியது. தெருவை அழிக்கப் போய்ப் பழச்சாறுக் கடையை அழித்தது, பிறகு கழிப்பறையை. மக்கள் கூட்டமாக வெளியேறினர்.

“விடும்மா. ஒரு நொடியில முடிச்சிடுறேன்.”

“விடமாட்டேன்.”

“உனக்கு பார்க்கு முக்கியமில்ல.”

“இல்லதான்.”

ஒரு தெரு மட்டுமே மறைந்திருந்தபோது, பூங்கா மூடப்பட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம் முறையிட்டார்.

“இவங்க என் பார்க்க மூட வெச்சிட்டாங்க.”

“எந்தப் பார்க்கு சார்? காலைலகூட தொறந்துதான் கெடந்துது.”

அவர் உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

மறுநாள், நான் அழைக்காமலே கணினிமுன் அமர்ந்தார். இடக்கையால் வலக்கையைத் தூக்கிச் சுட்டிமேல் வைத்தார். பிறகு இடக்கை மடியிலேயே கிடந்தது. நான் பிடிக்கவில்லை.

இப்போது அந்த வலக்கை பாதி நிரம்பிய டம்ளரைத் தூக்குகிறது. சட்டைப் பொத்தானைப் போட மறுக்கிறது. இது விளையாட்டால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று பயிற்சி தந்த பெண்ணிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் அன்று இடக்கையை விட்டிருந்தால் பூங்கா பிழைத்திருக்குமா என்பது தெரியாது. அவர் இனி எழுதுகோல் பிடிப்பாரா என்பதும் தெரியாது.