வாவியில் விழுந்த பெயர்

படுவான்கரைக்குப் போகும் தோணி வாவியின் நடுவே ஊர்கிறது. வானம் கறுத்துக் கிடக்கிறது. எதிரே இருப்பவளின் மடியில் குழந்தை. அதன் அரைஞாணில் நான் தேடிவந்த பித்தளை வட்டு தொங்குகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய் ஒருவன் தன் பெயரைப் பொறித்து அணிந்திருந்தது அது. அவனுடைய தம்பி இங்கே பாதிரியாராக இருந்தவர். ஊர் திரும்பும்போது தன் சமையற்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். இவள் அந்தச் சமையற்காரரின் வம்சத்தில் வந்தவள். பழைய போர்ப் பொருள்களைச் சேகரிப்பவன் நான்; தேற்றாத்தீவில் விசாரித்துத் துறைக்கு ஓடிவந்து இவளோடு ஏறிக்கொண்டேன்.

வட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். எழுத்துகள் இன்னும் அழியவில்லை.

"ஆர்ட பேரு ஐயா அது?"

"பாதிரியாற்ற தமையன். அமெரிக்காவில நடந்த சண்டையிலயே செத்துப்போனவர்," என்கிறேன். பல வருடம் தேடிக் கண்டுபிடித்த பெருமை என் குரலில் இருக்கிறது.

அவள் முகம் மாறுகிறது. "செத்த ஆள்ட சாமானையா எண்ட புள்ளைக்குக் கட்டியிரிக்கன்?"

நான் கை நீட்டுவதற்குள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, வட்டை வாவியில் எறிந்துவிடுகிறாள்.

"நீங்களும் இப்படிச் சாமான வச்சிரிக்காதீங்க ஐயா. ஊட்டுக்கு ஆகாது."

குழந்தை இடுப்பைத் தடவித் தேடுகிறது. என் பையில் இதுபோல இன்னும் பல கிடக்கின்றன. அவை ஓசைப்படாதபடி பையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்கிறேன்.