அனுபானம்

ரமணன் ‘வேண்டாம்’ என்ற சொல்லைச் சாப்பாட்டுப் பந்தியில் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அங்கேயும் அது எடுபட்டதில்லை.

பர்மியர்கள் இதற்கு ‘ஆனாதே’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் மனம் நோகுமே என்று தன் வாயைக் கட்டிக்கொள்வது. அவர்களுக்கு அது பண்பு. ரமணனுக்கு அதுவே வாழ்க்கை வரலாறு. இன்சீன் ரயில்வே பட்டறைக்கு, வேலை கேட்கப் போன நண்பன் கோபிகிருஷ்ணனுக்குத் துணையாகத்தான் போனார். அவரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஓய்வு பெறும் வரை ஸ்டோரில் இருந்தார். மங்கலத்தைப் பெண் பார்க்கப் போனது அவருடைய அண்ணனுக்கு. அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் ரமணனைப் பார்த்தார்கள்.

“நீங்க கட்டிக்கிட்டது என்னை இல்ல, அந்தச் சங்கடத்தை” என்பாள் மங்கலம், கோபம் வரும்போது.

மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறார். வட்டாரத்துப் பகோடாவில் பிக்குகளுக்குக் காவி வழங்கும் குழுவிலும் இருக்கிறார். இரண்டுக்கும் யாரோ வீடு தேடி வந்து கேட்டார்கள்.

அப்படித்தான் டாக்டர் ரூபாவும் வந்தாள். மங்கலத்தின் சித்தப்பா பேத்தி. தமிழில் கேட்டால் பாதி பர்மியத்தில் பதில் சொல்கிறவள். நகரத்தின் நடுவே, கியாக்டடாவில் ஒரு மருத்துவமனை மாடியில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தாள். இரத்தக் குழாய் தடித்துப் போனவர்களில் பாதிப் பேருக்குச் சீன மூலிகைத் தூள். மீதிப் பேருக்கு அதேபோலக் கசக்கும் வெறும் தூள். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுக்கிற அவளுக்கும் தெரியாது. வழக்கமான மாத்திரைகளை இரு தரப்பும் நிறுத்தக்கூடாது.

“சம்மதமா ஊலே? உங்க இஷ்டம்தான். வேண்டாம்னா சொல்லிடலாம்” என்றாள். ‘ஊலே’ என்றால் மாமா. சொல்லிடலாம் என்றதுமே ரமணன் சம்மதித்துவிட்டார். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒத்துக்கொள்வது அவருக்குப் புதிதல்ல.

முதல் பரிசோதனைக்குக் கோபிகிருஷ்ணனும் கூட வந்தார். பட்டறையில் டீசல் எஞ்சின்களின் ரேடியேட்டர் குழாய்களில் படிந்த உப்பை எடுத்தவர் அவர். குழாய் என்றால் தனக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. ஜெனரேட்டர் உறும, இருவர் கழுத்திலும் குளிர்ந்த களிம்பைத் தடவிப் படம் எடுத்தார்கள். ரமணனுக்குக் கொஞ்சம் படிவு. கோபிகிருஷ்ணனின் படத்தை ரூபா நெடுநேரம் பார்த்தாள்.

“உங்களை இதுல எடுத்துக்க முடியாது ஊலே. அடைப்பு ரொம்ப அதிகம். மாத்திரையை ஒருநாளும் விடாதீங்க. பெரிய டாக்டர்கிட்ட அனுப்பறேன்.”

“நோய் அதிகமா இருந்தா மருந்து கிடையாதா?”

“இந்த மருந்து வேலை செய்யுமான்னே இன்னும் தெரியாது.”

நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் திரும்பும்போது கோபிகிருஷ்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இன்சீன் நெருங்கியதும் சொன்னார்: “நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினவனை ஃபெயிலாக்கிட்டா. முப்பது வாங்கின நீ பாஸ். படிப்பு எந்த லட்சணத்துல இருக்கு பாரு.” பெரிய டாக்டரிடம் அவர் போகவில்லை.

தூளை வெந்நீரில் கரைத்து முதல் மடக்குக் குடித்ததும் ரமணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஈரச் சாக்கு எரிவதுபோல் ஒரு வாடை. இரண்டாவது மடக்கு வயிறு வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

“முடியலன்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்களேன்” என்றாள் மங்கலம்.

“எப்படிச் சொல்றது? எவ்வளவு ஆசையாக் கொடுத்தா.”

மருந்தைக் கொட்டுவது பாவம். மாத்திரைகளை மட்டும் ஒழுங்காக விழுங்கிக்கொண்டு, பொட்டலங்களைப் பையில் போட்டுக் கோபிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்.

கோபிகிருஷ்ணன் பொட்டலத்தை முகர்ந்தார். வெகுநாள் கழித்து அவர் முகத்தில் ஒரு பிரியம் வந்தது. “இது மருந்துடா. தேன் இருக்கணும். அனுபானம் தெரியுமா உனக்கு? மருந்தைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற பொருள். அனுபானம் இல்லாத மருந்து தண்டவாளம் இல்லாத எஞ்சின். இதையெல்லாம் அந்தப் பொண்ணுக்கு யார் சொல்லித் தந்திருப்பா?”

அன்றுமுதல் அவர் தேனில் குழைத்துக் குடித்தார். காலி உறைகளை ரூபா திருப்பிக் கேட்பாள் என்பதால் மடித்து அடுக்கித் தருவார். ஒன்றும் மிச்சம் வைக்காமல் குடிக்கும் நோயாளி என்று ரமணனுக்கு மருத்துவமனையில் நல்ல பெயர். நர்சுகள் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்கள். வரிசையில் பக்கத்தில் உட்காரும் ஒரு சீனக் கிழவர் ஒருமுறை அவர் காதருகில் குனிந்து, தன் பொட்டலங்கள் மகளின் மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அதைக் கேட்ட இன்னொரு அம்மாள் தன் பையைத் தட்டிச் சிரித்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. ஜாபிரின் டீக்கடையில் கோபிகிருஷ்ணன் கையிலிருந்து கோப்பை நழுவியது. எடுக்கப் போன கை மேசையிலேயே கிடந்தது. ஏதோ சொன்னார், சொற்கள் கூழாக வந்தன. ஜாபிர் ஓடி வந்து தோளைத் தாங்கினார். சற்று நேரத்தில் கை அசைந்தது. வாய் நேரானது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாண்ணே. வண்டி கூப்பிடறேன்” என்றார் ஜாபிர்.

“எதுக்கு? அடைப்பு இளகுதுய்யா. ரேடியேட்டர்ல ஆசிட் ஊத்தினா எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கும். பாத்ததில்ல நீ.”

“மாத்திரை சாப்பிடறயில்லடா?” என்றார் ரமணன்.

“அதைத் தூளு ஆரம்பிச்ச மறுவாரமே நிறுத்திட்டேன். ரெண்டு வண்டிக்கு ஒரே தண்டவாளமா?”

ரமணன் டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மாடியில் ரூபா அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். “நானே கூப்பிட இருந்தேன் ஊலே. உங்களுக்குப் போனது வெறும் தூள்தான். அரிசி மாவு, கசப்பு, கொஞ்சம் நிறம். ஆனாலும் கழுத்துல படிவு ஏறலை. மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டிருக்கீங்க. மருந்து குடிச்சவங்களுக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான்.” குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு நிமிர்ந்தாள். “அடுத்த வாரம் கூட்டம் இருக்கு. எல்லாத்தையும் ஒழுங்காக் குடிச்சவர்னு உங்களை மேடையில பேசச் சொல்லப்போறேன்.”

சம்மதம் என்று தலை அசையத் தொடங்கிவிட்டது. மேசையில் கிடந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. ரமணன் தலையை நடுவழியில் நிறுத்தினார்.

“நான் ஒண்ணுகூடக் குடிக்கலைம்மா.”

எல்லாவற்றையும் சொன்னார். கோப்பை நழுவியது வரை. ரூபா கோபப்படுவதில் நேரத்தை வீணாக்கவில்லை. “அது எச்சரிக்கை ஊலே. அடுத்தது வந்தா கை திரும்பாது. அவரை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. மாத்திரையை உடனே ஆரம்பிக்கணும்.” அவர் வாசல் வரை போன பிறகு கேட்டாள்: “உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர்?”

சீனக் கிழவர் நினைவுக்கு வந்தார். சிரித்த அம்மாளும்.

“யாரும் இல்லைம்மா” என்றார் ரமணன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

கோபிகிருஷ்ணன் கட்டிலில் சாய்ந்து தேன் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரமணன் வாழ்நாளில் பேசாத வேகத்தில் பேசினார். அது வெறும் தூள். அரிசி மாவு. மருந்தே இல்லை.

கோபிகிருஷ்ணன் பொறுமையாகக் கேட்டார். “உனக்கு வெறும் தூள் கொடுத்தாங்க. சரி. உன் மூஞ்சிக்கு அது போதும். ஆனா நான் குடிச்சது மருந்து.”

“ரெண்டும் ஒரே பொட்டலம்டா!”

“நீ தேன்ல குடிச்சியா? இல்லல்ல? அப்ப உனக்கென்ன தெரியும்? என்னை ஃபெயிலாக்கின எடத்துக்கு நான் வரமாட்டேன். போ.”

ரமணனிடம் உண்மையின் கையிருப்பு முடிந்துவிட்டது. வெளியே மழை. தேன் பாட்டில் பளபளத்தது. ரமணன் அதையே பார்த்தார்.

“அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொன்னாடா” என்றார் மெதுவாக. “சொல்லவேண்டாம்னுதான் பாத்தேன். இந்தத் தூளுக்குத் தேன் அனுபானம் இல்லையாம். அந்த மாத்திரைங்கதான் அனுபானமாம். தேன்ல குடிச்சதாலதான் கை விழுந்திருக்கு.”

கோபிகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அளவும் நாமளா எடுக்கக்கூடாதாம். பெரிய டாக்டர்கிட்ட நாடி காட்டி வாங்கணுமாம். நாளைக்குன்னு விடக்கூடாதாம், இன்னைக்கே.”

“முன்னாடியே சொல்லித் தொலையறதுதானே! தப்பான அனுபானம் ஆளையே கொல்லும்னு உனக்குத் தெரியாதா?” கட்டிலை விட்டு இறங்கிக் கைலியை இறுக்கிக் கட்டினார். “குடையை எடு.”

பெரிய டாக்டர் திட்டினார். மாத்திரைகளைக் கூட்டி எழுதினார். வைத்தியர் திட்டினால் வியாதி பாதி போச்சு என்று கோபிகிருஷ்ணன் வண்டியில் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் இறங்கியதும் கையை நீட்டினார். “அனுபானம் வந்தாச்சு. மருந்து எங்கடா?”

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. பொட்டலம் இனி வராது. தூள் இல்லாவிட்டால் மாத்திரையும் இல்லை.

அன்றிலிருந்து மங்கலம் வாரம் ஒருமுறை அரிசியைக் கரியக் கரிய வறுக்கிறாள். பாகற்காய் வற்றலைச் சேர்த்து அரைக்கிறாள். வாடைக்கு அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்துகிறார்கள். “வேண்டாம்னு ஒரு வார்த்தை அன்னைக்கே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தா…” என்பாள். ரமணன் தூளை உறையில் போட்டு மடிப்பார்.

தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். கோபிகிருஷ்ணன் மாத்திரைகளை ஒன்று விடாமல் விழுங்குகிறார். அதன் மேல் தூளைக் கரைத்துக் குடிக்கிறார். கோப்பை அவர் கையில் ஆடாமல் நிற்கிறது.

“இந்தத் தடவை சரக்கு நல்லா வந்திருக்குடா” என்றார் ஒருநாள். மீதியை ரமணன் பக்கம் தள்ளினார். “பாவம், உனக்கு அப்பவும் வெறும் தூளைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க. இது அசல். ஒரு வாய் குடி.”

ரமணன் கோப்பையைப் பார்த்தார். நண்பனின் முகத்தைப் பார்த்தார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.