ஏழுமலை போடாத போன்

அன்று காலை கடையில் ஒரு காரை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். திண்டிவனத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் போன் செய்தார். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. "கத்திச் சொல்லுய்யா" என்றேன். "மெக்கானிக் ஏழுமலை பூட்டாருங்க" என்று கத்தினார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவன், இறங்கும்போது இல்லை. இப்படி ஒரு சேதியைக் கத்தச் சொல்லிக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நம் மெக்கானிக் சங்கத்தில் பலருக்கு நானும் அவனும் பகைவர்கள். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைக்காததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். 'அவன்' என்றுதான் எழுதுவேன். 'அவர்' என்று எழுதினால் அவனுக்கே சிரிப்பு வரும்.

எங்கள் இருவருக்கும் எந்தப் பட்டறையும் தொழில் சொல்லித் தரவில்லை. நான் லாரி கிளீனராக இருந்து கற்றேன். அவன் கிணற்று மேட்டில் பம்ப்செட் பிரித்துக் கற்றான். விழுப்புரத்தில் என் கடை, திண்டிவனத்தில் அவன் கடை. வம்பான வண்டி வந்தால் ஒருவனை ஒருவன் கூப்பிட்டுக்கொள்வோம். "ஓடும்போது எந்த வண்டியும் நடிக்கும்யா. நிக்க வெச்சிக் கேளு, உண்மைய கக்கிடும்" என்பான். வண்டி நிற்கையில், ஐடிலிங்கில் இன்ஜின் உதறுகிறதென்றால் முதல் பார்வையில் எதையும் கழற்ற விடமாட்டான். "சூடாவட்டும், அப்புறம் பேசலாம்" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தள்ளிப் போய் நிற்பான்.

எங்களுக்குள் ஒரு நியாயம் இருந்தது. நாங்களே வைத்துக்கொண்டது. ஒருவன் பிரித்துப் பார்த்த வண்டி இன்னொருவன் கடைக்கு வந்துவிட்டால், ஸ்பானரைத் தொடும் முன்பு போன் போட வேண்டும். "உன் வண்டி எங்கிட்ட வந்துக்கினு இருக்குது. பாக்கட்டுமா?" அவ்வளவுதான். பார் என்றுதான் இருவரும் சொல்வோம். ஆனாலும் கேட்க வேண்டும்.

கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் ஒருவரின் காரில் அந்த நியாயம் உடைந்தது. சிக்னலில் நின்றால் வண்டி உதறி அணைந்துவிடும். நான் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மறுநாளும் வண்டி இருக்கட்டும் என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை, என் கடையிலிருந்து எடுத்து நேராகத் திண்டிவனம் ஓட்டிப்போனார். ஏழுமலை காற்றுக் குழாயில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்துவிட்டான். வண்டி என்னிடமிருந்து வந்தது அவனுக்குத் தெரியும். ஆனாலும் போன் வரவில்லை. விழுப்புரத்தில் ஆகாதது திண்டிவனத்தில் ஆனது என்று அந்த வியாபாரி ஊரெல்லாம் சொன்னார். அவர் சொன்னது எனக்குப் பெரிதில்லை. இவன் போன் போடாததுதான் வலித்தது. அன்று நிறுத்திய பேச்சு, வருடக்கணக்கில் நின்றுபோனது.

போன கோடையில் ஒரு நாள் அவனாகவே வந்தான். தன் காரை என் கடை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினான். வண்டி கிடந்து உதறியது.

"இன்னா?" என்றேன்.

"நின்னா ஆடுதுய்யா. ரேஸ் குடுத்தா ஒண்ணுமில்ல."

"திண்டிவனத்துல மெக்கானிக்கே இல்லியா?"

"ஒருத்தன் இருக்கிறான். அவன் சரியில்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். அவன் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டான், பழைய வழக்கப்படி. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் இன்ஜின் ஒரே அளவுக்குத்தான் தளர்ந்தது. அப்படியென்றால் கோளாறு ஒரு சிலிண்டரில் இல்லை. எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ரப்பர் குழாய்கள் மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சிக்கொண்டே போனேன். பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயின் அடிப்பக்கம் பட்டதும் உதறல் சட்டென்று அடங்கி மறுபடி வந்தது. வெடிப்பு அங்கேதான். வியாபாரி காரில் இருந்த அதே வெடிப்பு.

கை துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். உள்ளே புதுக் குழாய், சரியான நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கிளிப்போடு இருந்தது.

"தெரிஞ்சிக்கினே வந்திருக்கிற."

"தெரியாத வண்டிய இம்மாந்தூரம் ஓட்டிக்கினு வருவனா?"

"அப்ப அத சொல்லிட்டுப் போ."

"எத?"

"போன் போடாதது தப்புன்னு."

"அத இன்னொரு நாள் வந்து சொல்றன்யா. ஒரேடியா எல்லாத்தையும் முடிச்சிட்டா அப்புறம் இன்னாத்துக்கு வர்றது? டீ சொல்லு ஜல்தியா" என்றான். நான் டீ சொன்னேன். 'போகட்டும், விடு' என்று மட்டும் சொல்லவில்லை. குழாயை மாற்றினேன். வண்டி தூங்குகிற பிள்ளை மாதிரி நின்றது. போய்விட்டான்.

சாவு வீட்டில் அவன் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனவர் மேல இன்னாங்க கோவம்? மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஆத்மா அடங்கும்" என்றார். கூடியிருந்தவர்கள் என் வாயையே பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. ஏழுமலையின் மனைவி அஞ்சலை, அழுகையை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "அவர வுடு தம்பி. கேக்க வேண்டிய மனுசன் கேக்கவே இல்ல. அண்ணன் எதுக்குச் சொல்லணும்?" என்றார். அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, அவன் காரின் மேல் கை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவன் செய்தது தப்பு. இன்றும் அதைத்தான் சொல்கிறேன். பெருந்தன்மையாக மறந்துவிடச் சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: அவன் தொழிலை அவன் மகன் வைத்துக்கொள்ளட்டும், அவன் பேரை நம் சங்கம் வைத்துக்கொள்ளட்டும். இந்தச் சண்டை எனக்கு வேண்டும். எங்கள் இருவருக்குள்ளும் முடியாமல் இருப்பது இது ஒன்றுதான். இதையும் நான் முடித்துவிட்டால், அவன் நிஜமாகவே செத்துப்போய்விடுவான்.