கேள்வித்தாளில் விழுந்த டிக்

உள்ளாட்சித் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பி.காம். சேர்ந்தேன். படிப்பின் மேல் ஆசை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது உண்மையில்லை. கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கலாம் என்று பதிவு செய்யப் போனேன். நான் இளமையில் படித்தது வரலாறு. வணிகவியல் பட்டம் உண்டா என்று கேட்டார்கள். அனுபவம் உண்டு என்றேன். அனுபவத்துக்கு அந்த விண்ணப்பத்தில் இடம் இல்லை.

தொலைதூரக் கல்வி என்றாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும். முதல் நாள் நான் நுழைந்ததும் வகுப்பு எழுந்து நின்றது. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும், எழுந்து நின்றதற்காக என் மேல் கோபப்பட்டது.

"ரிட்டையர் ஆனவன் எவனாச்சும் படிக்க வருவானாடா? மேலேர்ந்து அனுப்பிக்கிறாங்க."

"செல்ல உள்ள வை. பெருசு இங்கதான் பாக்குது."

என் காதில் விழும்படியே பேசினார்கள். பாடம் நடத்த வந்தவரும் என்னைப் பார்த்த பிறகு வருகைப் பதிவேட்டை ஒழுங்காக எடுக்க ஆரம்பித்தார். அதைக் குறை சொல்ல முடியாது. நானும் அவர்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வராதவர்களுக்குக் கையெழுத்துப் போட்டது யார், ஒரே கையெழுத்தில் பல பெயர்களில் வந்திருக்கும் வீட்டுப்பாடங்களை எந்த ஜெராக்ஸ் கடை எழுதிக் கொடுத்தது என்பதெல்லாம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார ஒருத்திதான் துணிந்தாள். வெள்ளிமலைக்காரி. முப்பது வயதிருக்கும். துருகம் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். காப்பியடிக்கத்தான் பக்கத்தில் வந்திருக்கிறாள் என்று நினைத்து நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"மூடாதீங்க சார். உங்க கையெழுத்து எனுக்குப் புரியாது" என்றாள். "மலையிலேர்ந்து எறங்கி வந்தா எங்களையும் இப்டித்தான் பாப்பாங்க. அதான் இங்க ஒக்காந்தேன்."

அவளுக்கு ஒரே ஒரு தாள் பாக்கி, கம்பெனிக் கணக்கு. கடையின் பழைய கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போகப்போகிறார். இந்தத் தேர்வில் அவள் பட்டத்தை முடித்துவிட்டால் அந்த நாற்காலி அவளுக்கு என்று கடை முதலாளி பாய் சொல்லியிருந்தார். தவறினால் சேலத்திலிருந்து வேறு ஆள் வந்துவிடும்.

"எழுதி வாங்கினியாம்மா?"

"ஜவுளிக்கடைல எவன் சார் எழுதிக் குடுப்பான்? பாய் வாய்ல சொன்னாரு. போதும்."

போதாது என்பது என் அபிப்பிராயம்.

என்னிடம் இருந்த ஒரு பழக்கத்தையும் அவள்தான் கவனித்தாள். தணிக்கையில் பார்த்து முடித்த ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். டிக் இல்லாத எண் பார்க்கப்படாத எண். முப்பது வருடத்துக்கு மேல் போட்ட கை, ஓய்வூதிய ஆணை வந்ததும் நின்றுவிடவில்லை. ஒருநாள் டீக்கடையில் செய்தித்தாளை அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா சார், கோமுகி டேம் தண்ணியக் கூட ஆடிட் பண்ணிட்டீங்களா?"

நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் என் டிக் இருந்தது.

கம்பெனிக் கணக்குத் தேர்வன்று காலையில், கேள்வித்தாளில் பதிவு எண்ணைத் தவிர எதையும் எழுதக்கூடாது என்ற விதியை வாசலில் நின்றவர்களுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று தேடினார்கள்.

இரண்டு கம்பெனிகளை ஒன்றாக இணைக்கும் பெரிய கணக்கு வந்திருந்தது. அவளுடைய கேள்வித்தாளில் ஒரு வரி மை பரவிக் கறுத்துக் கிடந்தது. கண்காணிப்பாளராக இருந்த இளம் ஆசிரியையைக் கூப்பிட்டாள். அவர் என் கேள்வித்தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்து, "பார்த்து எழுதிக்கம்மா" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை உள்ளே வந்தது. படை என்பது ஒரே ஒரு அதிகாரிதான். நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நடுவில் கிடந்த தாளை எடுத்தார். கடன்தாரர்களுக்கு டிக். கட்டடத்துக்கு டிக். பங்கு முதலுக்கு டிக். சரக்கிருப்புக்கு இல்லை.

"என்ன இது? எதுக்கு டிக், எதுக்கு டிக் இல்லை? யாருக்கு சிக்னல் குடுக்கிறீங்க?"

"டிக் இல்லாதது இன்னும் பார்க்காததுங்க" என்றேன். உண்மை அவ்வளவுதான். அது பொய்யைவிட மோசமாகக் கேட்டது.

ஆசிரியை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நடுவில் வைத்தது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் எழுந்து தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனோம். விடைத்தாள்கள் எங்களுக்கு முன்னால் போயின.

"பழக்கம் சார்" என்று தலைமைக் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. எத்தனை ஊராட்சி எழுத்தர்கள் இதே வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை.

அவள் அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சார், அவரு எல்லாத்துக்கும் போடுவாரு சார். டேமுக்குப் போடுவாரு. என் பேப்பர்ல கறையாயிடுச்சி, மேடம்தான் பாக்கச் சொன்னாங்க. என்னை வுடுங்க சார், நான் போய் எழுதறேன். இது போச்சின்னா என் சீட்டு போச்சி."

"கூட்டுக் களவாணி வேற எப்படிப் பேசுவாங்க?" என்றார் பறக்கும் படை அதிகாரி. அறிக்கையை எழுதி முடித்து என் முன்னால் தள்ளினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

படித்துப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. படித்தேன். பேனா கையிலேயே இருந்தது.

"சார், கையப் பாருங்க சார்!" என்று அவள் கத்தினாள். "அவரு கையப் பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன். என் பதிவு எண்ணுக்கு டிக். அவள் பதிவு எண்ணுக்கு டிக். அறை எண்ணுக்கும் தேதிக்கும் டிக். தலைமைக் கண்காணிப்பாளர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தவர், "பாடக் குறியீட்டுக்கு மட்டும் ஏன் போடலை?" என்று கேட்டார்.

"அது தப்புங்க. கடைசி எழுத்து மாறியிருக்கு."

அதிகாரி அறிக்கையை வாங்கிப் பார்த்தார். கிழித்தார். எங்களைப் போகச் சொன்னார். தலைமைக் கண்காணிப்பாளர் டிக்குக்கு ஒரு எச்சரிக்கையா, மொத்தமாக ஒரே எச்சரிக்கையா என்று கேட்டுவிட்டு, மொத்தமாகவே கொடுத்தார்.

இழந்த நேரத்தை ஈடுகட்ட விதியில் இடமில்லை. அவளை முதல் பெஞ்சிலும் என்னைக் கடைசியிலும் உட்கார வைத்தார்கள். மணி அடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை. நான் எழுதியதைவிட அவள் முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

வெளியே வந்ததும், "இன்னா சார், ரிசல்ட் வருமா வராதா?" என்றாள்.

"கிழிச்ச அறிக்கையை அந்த அதிகாரி ஜீப்ல போய் மறுபடியும் எழுதிடலாம்மா. அப்படி எழுதியிருந்தா ரிசல்ட்டை நிறுத்தி வைப்பாங்க."

"வாயக் கழுவுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதன் பிறகு முடிவு வரும்வரை என்னோடு பேசவில்லை. நானோ தினமும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்து, 'நிறுத்திவைக்கப்பட்டது' என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று கடையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் யாரோ சேலைக்கு விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ் சார். பாய் கிட்ட காட்டினேன். நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காருன்னாரு. ஒக்காந்துக்கினுதான் பேசறேன்."

"கணக்கு பீரோ சாவி குடுத்தாரா?"

குரலைத் தாழ்த்தினாள். "அது பாய் மருமகன் கையில இருக்குது."

"பாத்தியா. சாவி இல்லாத கணக்குப்பிள்ளை..."

"அத நான் வாங்கிக்குவேன் சார். நீங்க நடுவுல வராதீங்க. உங்குளுக்கு இன்னா ஆச்சி?"

"அரியர்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில், அந்தப் பக்கம் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.