இரண்டு பேர் உட்காரும் கார்

என் மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, தர்மபுரியில் கடலை உடைக்கும் ஆலை இருந்தது. ஆலையைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வார். பெற்ற பிள்ளைகளைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். காரைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறந்துவிட முடியாது.

சீமையிலிருந்து கப்பலில் வந்த சின்னக் கார் அது. இரண்டு கதவு, இரண்டே ஆசனம், மடக்க முடியாத கூரை. கூப்பே என்று சொல்வார்கள். உள்ளே தோல் மெத்தை, ஸ்டியரிங்குக்கு முன்னால் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிய மரப்பலகை. நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம்தான் காரும் வந்தது. எங்கள் இருவரில் காருக்குத்தான் ஆரத்தி பெரிதாக எடுத்தார்கள் என்று என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பொய்யில்லை. எனக்குக் கரைத்த ஆரத்தியில் சுண்ணாம்பு குறைவு என்று அன்றைக்கே ஒரு பேச்சு இருந்தது.

பாலக்கோட்டில் ஒரு புளி மண்டிக்காரர் இருந்தார். மூத்தாரின் சிநேகிதர். அவரிடமும் ஒரு கூப்பே, ஆனால் அமெரிக்க வண்டி. மூக்கு நீளம், இடுப்பு அகலம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு கார்களையும் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரும் வாதம் செய்வார்கள். எங்கள் சமையலறை ஜன்னல் அந்தக் கொட்டகையைப் பார்த்த ஜன்னல். எனவே கார் ஓட்டத் தெரியாத நான் கார் வித்தை முழுவதையும் குழம்பு கொதிக்கும் நேரத்தில் கற்றுக்கொண்டேன்.

"தொப்பூர் கணவாயில உங்க வண்டி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குதுன்னு சேலத்துல பேசிக்கிறாங்களே?" என்று மண்டிக்காரர் ஆரம்பிப்பார்.

"எவன் சொன்னான்? ரெண்டாவது கியர்ல போட்டா பூனையாட்டம் ஏறுதுங்க. உங்க வண்டி குடிக்கிற குடிக்குப் பின்னாலயே பீப்பாய் கட்டி இழுத்துக்கிட்டு வரணும்."

"குடிச்சா குடிக்கட்டுமுங்க. முன்னாடி மூணு பேரு தாராளமா உக்காரலாமில்ல?"

"மூணு பேரு உக்கார்றதுக்குத்தான் மாட்டு வண்டி இருக்குதே! கூப்பேன்னா ரெண்டு பேருதாங்க. மூணாவது ஆளு ஏறினா அது பஸ்ஸு."

இந்தக் கடைசி வாக்கியத்தை மூத்தார் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டுத் தாமே ரசித்துச் சிரிப்பார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஓரகத்தி, "அப்ப நாம யாரு, மூட்டைங்களா?" என்று என்னிடம் கேட்பார்.

மூட்டைகள்தான். காரின் முதுகில் ஒரு மூடி இருந்தது. அதைத் தூக்கினால் உள்ளே ஒரு குட்டி ஆசனம். டிக்கி என்பார்கள். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. மூத்தாரும் என் வீட்டுக்காரரும் முன்னால் தோல் மெத்தையில். நாங்கள் இருவரும் பின்னால் வெயிலில். ஒருமுறை இண்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கினோம். தலைமுதல் கால்வரை செம்மண். "சூளையிலிருந்து நேரா வர்றோம்" என்று ஓரகத்தி பெண் வீட்டாரிடம் சொன்னார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த டிக்கியில் நான் சந்தோஷமாக இருந்தேன். காற்று இரைச்சலில் நாங்கள் பேசுவது முன்னால் கேட்காது. மாமியார் முதல் மண்டிக்காரர் வரை எல்லோரையும் வாய்விட்டுக் கேலி செய்ய எங்களுக்கு வேறு இடம் வாய்க்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள், அப்புறம் கூப்பனுக்கும் பெட்ரோல் இல்லை. பஸ்களெல்லாம் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, அந்தப் புகையின் வாயுவில் ஓட ஆரம்பித்தன. இரண்டு சிநேகிதர்களுக்கும் வாதம் செய்யப் புது விஷயம் கிடைத்தது.

"மகாலட்சுமியாட்டம் இருக்கிற வண்டிக்கு முதுகுல அடுப்பக் கட்றதா? அதுக்கு நான் வண்டியைச் செங்கல் மேல நிறுத்திடுவேனுங்க" என்றார் மண்டிக்காரர். சொன்னபடியே டயர்களைக் கழற்றி, பாலக்கோட்டில் காரைச் செங்கல்மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்.

"ஓடாத வண்டி வண்டியா? பொம்மை" என்றார் மூத்தார். அவர் டிக்கி மூடியையும் ஆசனத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கரி அடுப்பைப் பொருத்தினார். எங்கள் இடம் போயிற்று. ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு, "அடுப்பு நம்மள விடாது போல, காருக்கும் வந்துடுச்சி" என்றார். அன்று நானும் சிரித்தேன்.

என் பிறந்த வீடு கடத்தூரில். அப்பா ஒருவர்தான் எனக்கு மிச்சம். ஒரு நாள் காலை, நாங்கள் மாடு கறந்து முடித்த நேரத்தில், அங்கிருந்து ஆள் வந்தான். அப்பாவுக்குப் பேச்சு குழறுகிறது, என்னைக் கேட்கிறார், உடனே வரவேண்டும் என்றான். கடத்தூர்ப் பக்கம் போகும் ஒரே பஸ் அதற்குள் போய்விட்டது. மூத்தார் நேரே கொட்டகைக்குப் போய் அடுப்பில் கரியைப் போட்டு விசிற ஆரம்பித்தார்.

ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தம்பியைத் தொடவிட்டதே இல்லை. காரில் பாக்கி இருந்தது ஒரே ஓர் ஆசனம். அதில் நான் எப்படி உட்காருவேன்? எங்கள் வழக்கத்தில் மூத்தார் எதிரே தம்பி மனைவி நிற்கக்கூட மாட்டாள். அவர் நிழல் என்மேல் பட்டால் ஒதுங்குவேன். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டிடம் உரக்கச் சொல்வார், நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொள்வேன். அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற அந்தச் சின்னக் காரில், ஊர் பார்க்கக் கடத்தூர் வரையிலா? மூன்று பேராக நெருக்கி உட்காரலாமென்றால் நடுவில் கியர். மூன்று பேர் உட்காரும் கார் பாலக்கோட்டில் செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தது.

யாரும் யாரையும் தடுக்கவில்லை, "நீ வரக்கூடாது" என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இன்றுவரை திட்டுவதற்கு ஓர் ஆளாவது எனக்குக் கிடைத்திருப்பார். என் வீட்டுக்காரர் தாமாகவே போய்க் காரில் ஏறிக்கொண்டார். எனக்கு மாட்டு வண்டி பூட்டினார்கள். ஓரகத்தி ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்து, "அவங்க முன்னாடி போயி நீ வர்றன்னு சொல்லட்டும், பின்னாலயே போயிடலாம்" என்றார். எல்லோருக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

கார் வெகு சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கார் சத்தம் கேட்டதும் அப்பா கண் திறந்தாராம். வாசலையே பார்த்தாராம். உள்ளே வந்த மாப்பிள்ளையையும், அவருக்குப் பின்னால் வந்த மூத்தாரையும் பார்த்துவிட்டு, இன்னும் யாரோ இறங்க வேண்டும் என்பதுபோல் வாசலைப் பார்த்தாராம். "பாப்பா எங்கே?" என்று கேட்டதை எப்படியோ புரிந்துகொண்டு, "பின்னால வண்டியில வருதுங்க மாமா" என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். உச்சி வேளை தாண்டியும் உயிர் இருந்திருக்கிறது. வண்டி ஊருக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். தெருமுனையிலேயே எனக்கு அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கார் நின்றது. அதன் வெற்று ஆசனத்தைக் கடந்துதான் உள்ளே ஓடினேன்.

அதற்குப் பிறகு கொட்டகையில் வாதம் நின்றுபோயிற்று. மண்டிக்காரர் பஸ்ஸில் வருவார், காபி குடிப்பார், கடலை விலை பேசுவார், போய்விடுவார். நான் மூத்தாரைக் குறை சொல்லமாட்டேன். காரியம் முடியும்வரை கடத்தூரில் அவர்தான் ஓடியாடிச் செய்தார்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் மெல்ல மெல்லக் கிடைத்தது. மண்டிக்காரர் தம் வண்டியைச் செங்கல்லிலிருந்து இறக்கி ஓட்டிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, மூத்தார் கரி அடுப்பைக் கழற்றிவிட்டுத் தம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மண்டிக்காரருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"இத்தனை வருசம் ஆச்சி. இப்பவாவது ஒத்துக்குங்க. உங்க வண்டியில ஒரு கொறை, ஒரே ஒரு கொறை இல்லீங்களா?"

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வழக்கமான பதில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இருக்குதுங்க" என்றார் மூத்தார். பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. "ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, கூரையில இருந்து ஒரு வேட்டியக் கட்டித் தொங்க வுட்டிருக்கலாம். இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அந்தப் புள்ளைன்னு போயிருக்கலாம். அன்னிக்கு எனக்குத் தோணலீங்க."

"வேட்டியா?" என்றார் மண்டிக்காரர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. கடத்தூரிலிருந்து ஆள் வந்த அந்தக் காலையில் பின்கட்டுக் கொடி நிறைய வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டுதான் நான் மாட்டு வண்டிக்குப் போனேன்.