வெயிலில் காய்ந்த சிம்பொனி

போன வாரம் என் மருமகள் கைப்பேசியில் ஏதோ ஓர் ஆங்கில இசைத்தொகுப்பை அனுப்பி, “கண்ணை மூடுறதுக்குள்ள ஒருதரமாவது கேட்கணும் அத்தை” என்று எழுதியிருந்தாள். மாமியாருக்கு எழுதுகிற வாசகமா இது? அட்டைப்படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இதை நான் கேட்டிருக்கிறேன். அதாவது, கேட்க வைக்கப்பட்டிருக்கிறேன். வைத்தவர் மிஸ்டர் ஞானம்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வந்து, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கிள் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரே மகள் பத்மா, பள்ளி ஆசிரியை, என் வயதுதான்.

அங்கிளுக்குக் கர்நாடக சங்கீதம். காலையில் முகம் கழுவும்போதே இசைத்தட்டு சுற்றத் தொடங்கிவிடும். பாடகர் கடவுளிடம் ஒரே கேள்வியை மேலே போய்க் கேட்பார், கீழே இறங்கிக் கேட்பார், வளைத்து வளைத்துக் கேட்பார். நான் பஸ் பிடித்து அலுவலகம் போய்ச் சேரும்வரை கடவுள் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பின்வீட்டுச் சீனத்தி காந்தோனீஸ் பாட்டு வைப்பாள். யாரோ ஒருத்தி விம்மி விம்மிப் பாடுவாள். ஒரு சொல் புரியாது. எனக்கோ மூக்கு அடைத்துக்கொள்ளும். இன்றுவரை அதுதான் எனக்குப் பிடித்த ஆல்பம். பெயர் தெரியாது.

என் காது வளர்ந்த இடம் அப்படி. தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் தென்னைமரத்தில் ஒலிபெருக்கி கட்டி, படத்தின் கதைவசனத் தட்டை நாள் முழுக்க ஓடவிடுவார்கள். நாயகன் நீதிமன்றத்தில் கர்ஜிப்பான். தொழிலாளர் லயத்தில் மீன் கழுவுகிறவர்களும் அவனோடு சேர்ந்து கர்ஜிப்பார்கள். மெதுவாக ஒலிக்கும் எதையும் இசை என்று நம்ப எனக்கு வெகுகாலம் பிடித்தது.

இந்த லட்சணத்தில்தான் மிஸ்டர் ஞானத்திடம் மாட்டினேன். லண்டனில் கணக்காய்வு படித்துவிட்டு வந்தவர். பத்மாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. சனிக்கிழமை மதியம் வந்து பேசிப் பழகலாம் என்று அங்கிள் சொல்லியிருந்தார். துணைக்கு நான். வந்தவர் பேசிப் பழகவில்லை. இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து பாடம் எடுத்தார். உறையைப் பிரித்தால் புதுச் செருப்புக் கடை வாசம் வரும். அந்த வாசம் வந்தாலே எனக்குக் கொட்டாவியும் வந்துவிடும்.

ஒரு ராக் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பாடகர் வாயைத் திறப்பதற்குள் நான் இரண்டு புடவைக்கு இஸ்திரி போட்டிருப்பேன். சிம்பொனி இன்னும் மோசம். முடிந்துவிட்டது என்று எழுந்தால் மறுபடி தொடங்கும், போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி. ஜாஸ் முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

“எல்லாரும் ஒரே கல்யாணத்துக்குத்தான் வாசிக்கிறாங்களா?” என்றேன்.

பத்மா சிரிப்பை விழுங்கினாள். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம்தான் பிடிக்கும், அதில் தவறில்லை என்று அவர் பெருந்தன்மையோடு ஆங்கிலத்தில் சொன்னார். இந்தப் பாட்டுகளைத் தொடர்ந்து கேட்டால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று நான் தமிழில் நினைத்துக்கொண்டேன்.

பத்மாவிடம் சில கேசட்டுகள் இருந்தன. வானொலிப் பெட்டிக்கு முன்னால் பதிவுக்கருவியை வைத்துப் பிடித்த சினிமாப் பாட்டுகள். அறிவிப்பாளர் பாதியில் நுழைவார், கோழி கொக்கரிக்கும். ஒன்றில், பாட்டு உருகிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவள் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவார்: “பத்மா, மழை வருது, உடுப்பை எடு பிள்ளை.” சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளிக்கிற அங்கிள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேசட்டைத் தானே போட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

பத்மாவின் ரசனையைத் திருத்த மிஸ்டர் ஞானம் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று அந்தக் கேசட்டுகளை வாங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் சிம்பொனியும் ஜாஸும் பதிந்திருந்தார். அன்பளிப்பாம்.

“பழசு எல்லாம் போயிட்டுதோ?” என்று பத்மா கேட்டாள்.

“குப்பைதானே” என்றார்.

பத்மா எழுந்தாள். மேசையில் இருந்த அவர் இசைத்தட்டுகளை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாக உறையில் போட்டாள். மறந்துபோவீர்கள், காரில் வைத்துவிடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். முற்றத்தில் நின்ற காரின் பின்கண்ணாடிக்குக் கீழே, வெயில் நேராக விழும் பலகையில், பரப்பி வைத்தாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, அந்த ஜெர்மன்காரர் சிம்பொனியை எப்போது எழுதினார் என்று மிக மரியாதையாகக் கேட்டாள். போதாதா? அவர் பேசினார். தேத்தண்ணி கொடுத்தாள். பேசினார். பலகாரம் கொடுத்தாள். வெயில் தாழும்வரை பேசினார்.

தட்டுகள் அப்பளமாக நெளிந்துவிட்டன என்று மறுநாள் தொலைபேசியில் குதித்தார். பத்மா மன்னிப்புக் கேட்கவில்லை, வருந்துவதாகவும் சொல்லவில்லை. ஈப்போ வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள்.

அதே ஞாயிறு, ஒன்றும் தெரியாத அங்கிள் வழக்கம்போல அந்தக் கேசட்டைப் போட்டார். வயலின்கள் கிளம்பின. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் முடியும்வரை காத்திருந்தார். வாழ்க்கையில் அந்தச் சிம்பொனியை அவ்வளவு கவனமாகக் கேட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“அம்மாட குரல் எங்க பிள்ளை?” என்றார்.

பத்மா சொன்னாள். அங்கிள் சட்டையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை தரப்பில் வெற்றிலை பாக்கு மாற்றவிருந்த பெரியவர் வீட்டுக்கு நடந்தே போய், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். காரணம் கேட்டார்களாம். ரசனை ஒத்துவரவில்லை என்றாராம்.

பத்மா பிறகு தைப்பிங்கில் ஓர் ஆசிரியரைக் கட்டினாள். பாட்டு என்றால் என்னவென்றே தெரியாத நல்ல மனிதர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார்கள். அங்கிள் போனபின் வீட்டை இடித்து, சிமெண்ட் பூசிக் கார்கள் நிறுத்துகிறார்கள். என் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இருந்த இடத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பத்மா வந்திருந்தாள். ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசி, மிஸ்டர் ஞானத்தை வாய் வலிக்கக் கிண்டல் செய்தோம். சிரித்து ஓய்ந்தபின் அவள் கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

“அம்மா என்ன சொன்னவ எண்டு ஞாபகம் இருக்கு. எப்பிடிச் சொன்னவ எண்டதுதான் இல்லை.”